வாய்பாட்டிலே பண்பு புகும் வழி

‘வாய்பாடு’ என்றவுடன் நம்மிற் பலருக்கும் பெருக்கல் வாய்பாடே நினைவுக்கு வரும். நம் கல்லூரியிலே தமிழ்ப் பண்டிதர் அவர்களிடம் யாப்பிலக்கணம் பயின்றவர்களுக்கோ அச்சொல் வேறொன்றையும் நினைவூட்டும். தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என நான்கு பெயர்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, “இனி உங்கள் ஊர்ப் பெயர்களைச் சீர் பிரியுங்கள்” என்பார் அவர். கல்முனை கூவிளம், நிந்தவூரும் கூவிளம், மருதமுனை கருவிளங்காய், சாய்ந்தமருது கூவிளங்கனி. முஸ்லிம் ஊர்களிலிருந்து வந்து இந்துக் கல்லூரியிற் படித்த எங்களுக்கு, எங்கள் ஊர்ப் பெயர்களும் செய்யுளில் ஏறத்தக்கவை என்பது முதன்முதலிற் புலப்பட்டது அந்த வகுப்பிலேதான்.

மாமரமும் விளாமரமும் அங்கே பொருளல்ல. நேரசையின் பின் நேரசை வந்த சீர் எதுவாயினும் அது தேமா. சொல்லிலக்கணத்திலும் இம்முறை உண்டு. ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்றால், வந்து, உண்டு, நெய்து, விற்று என எண்ணிறந்த சொற்கள் அதனுள் அடங்கும். அங்கே ‘செய்’ என்பது செய்தற்றொழிலைக் குறிப்பதன்று. எவ்வினையும் வந்து அமரத்தக்க ஒரு வெற்றிடத்தைக் குறிப்பது. வினையெச்சங்களுக்குரிய இத்தகைய வாய்பாடுகளைத் தொல்காப்பியரே எண்ணித் தந்திருக்கின்றார். இதிலே நான் பெரிதும் வியக்கும் நுட்பம் ஒன்றுண்டு: தேமா என்னுஞ் சொல்லே தேமாச் சீர், கருவிளம் என்னுஞ் சொல்லே நிரையும் நிரையும். விதியின் பெயரே விதிக்கு எடுத்துக்காட்டாகவும் நிற்கின்றது.

நிற்க. கணிதம் கற்பித்து இளைப்பாறிய பின், கல்முனையிலே சனிக்கிழமைதோறும் இளைஞர் சிலருக்குக் கணினி நிரலாக்கம் சொல்லிக் கொடுத்து வருகின்றேன். பத்துப் பேர் வரையில் வருவர். சென்ற தவணையிலே அவர்களுள் இருவர் உயர்தர வகுப்பிற் கலைப்பிரிவு பயின்ற பெண்கள். வகுப்புக்கு இடமுதவியவர்களுக்கு அது உவப்பாயில்லை. கணினிகள் ஆறே, அவற்றைக் கணிதப்பிரிவுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாற் பயனுண்டு என்பது அவர்கள் வாதம். “இரும்பு அடிக்கிற இடத்தில ஈக்கு என்ன வேலை?” என்று ஒருவர் என் முகத்துக்கு நேரேயே கேட்டார். தவணை முடிவில் ஒவ்வொருவரும் தாமே எழுதிய நிரல் ஒன்றை ஓட்டிக் காட்ட வேண்டும், காட்டாதவர் இடத்தை விட வேண்டும் என்று முடிவாயிற்று. நிபந்தனை எல்லோர்க்கும் பொதுவானதுதான். அது யாரைக் கருதி வைக்கப்பட்டது என்பதும் எல்லோர்க்கும் தெரிந்ததுதான்.

நாங்கள் பயிலும் மொழி றஸ்ட். கிறேடன் ஹோர் என்பார் 2006ஆம் ஆண்டிலே தம் சொந்த முயற்சியாகத் தொடங்கிய இம்மொழி, பின்னர் மொசில்லா நிறுவனத்தின் ஆதரவில் வளர்ந்து, 2015 மே 15ஆம் திகதி தன் முதலாவது நிலைப்பதிப்பைக் கண்டது. கண்டிப்பான மொழி. நாம் எழுதியதை இயந்திரக் கட்டளைகளாக மாற்றித் தருகின்ற செயலியைத் தொகுப்பி என்பர். றஸ்ட் மொழியின் தொகுப்பி, ஐயத்துக்கிடமான எதையும் எளிதில் உள்ளே விடாது. தொடக்க மாணவருக்கு இம்மொழி தகுமா என்று கேட்போர் உளர். தகும் என்பதே என் எண்ணம். இரவிலே கடையிற் கணக்குப் பிழைப்பதிலும் பகலிலே வகுப்பிற் பிழைப்பது நன்று.

இம்மொழியிலே ‘றெயிற்’ என்று ஒன்றுண்டு. அதனை நாங்கள் பண்பு என்கிறோம். சாரம் எண்ணத்தக்கது, கருவாடு நிறுக்கத்தக்கது, நெல் மரைக்காலால் அளக்கத்தக்கது. எண்ணத்தக்கது என்னும் பண்புக்கு இன்னின்ன செயல்கள் உரியன என முதலில் அறிவித்துவிட்டு, பிறகு சாரத்துக்கு இப்பண்பு உண்டு, சேலைக்கு இப்பண்பு உண்டு எனப் பொருள்தோறும் உறுதியெழுதிக் கொடுக்க வேண்டும். இதன் மூலம் ஹஸ்கல் என்னும் மொழிக்காக வாட்லர், பிளொட் என்னும் இருவர் 1989இல் வெளியிட்ட கருத்து.

இனி மக்ரோ. அதனையே நாங்கள் வாய்பாடு என்கிறோம். ஒரே வடிவான எழுத்தைப் பல முறை எழுத நேரும்போது, மாறும் இடங்களை வெற்றிடமாக விட்டு வடிவத்தை ஒரு முறை எழுதி வைக்கலாம். பின்பு வெற்றிடங்களுக்குரியவற்றை மட்டும் கொடுத்தால், தொகுப்பி அவ்வடிவத்தை விரித்துக்கொள்ளும். இவ்வாறு வடிவத்தையும் விரிவையும் எடுத்துக்காட்டுப் போல எழுதிக் காட்டி விதியாக்கும் முறையைக் கோல்பெக்கர், வாண்ட் என்னும் இரு அமெரிக்க அறிஞர் 1987இல் ஒரு கட்டுரையில் விளக்கினர். ‘எடுத்துக்காட்டால் மக்ரோ’ என்பதே அக்கட்டுரைத் தலைப்பின் கருத்து. அதைக் கண்டபோது எனக்குப் பண்டிதரின் தேமாவே கண்முன் நின்றது.

கலைப்பிரிவுப் பெண்களுள் ஒருவர் மருதமுனையைச் சேர்ந்தவர். வாப்பாவுக்குக் கைத்தறி வாணிபம். சாரம், சேலை, படுக்கை விரிப்பு எனப் பன்னிரண்டு வகைப் பொருள்களுக்கு இருப்புக் கணக்கு எழுதுவது அவர் எடுத்துக்கொண்ட நிரல். எண்ணத்தக்கது, விலையுடையது, வரிக்குரியது, திருப்பிக் கொடுக்கத்தக்கது என நான்கு பண்புகள். ஒவ்வொரு பொருளுக்கும் உரிய பண்புகளெல்லாம் விடாது எழுதப்பட்டனவா என்று தொகுப்பியே பார்த்துச் சொல்லும்படி செய்ய அவர் விரும்பினார். வழி எளியது: குறித்த பண்புடைய பொருளை மாத்திரம் ஏற்கும் ஒரு சிறு செயற்கூற்றை எழுதி, அதனிடம் சாரத்தைக் கொடுத்துப் பார்ப்பது. பண்பு இல்லையேல் நிரல் தொகுபடாமலே நின்றுவிடும். ஆனால் பன்னிரண்டு பொருளும் நான்கு பண்பும் என்றால் நாற்பத்தெட்டு முறை அதையே எழுத வேண்டும்.

சிக்கல் இவ்விடத்திலேதான் பிறக்கின்றது. றஸ்ட் மொழியில் ஒரு செயற்கூற்றுக்கு எண்ணையோ எழுத்தையோ இடுபொருளாகக் கொடுக்கலாம். பொதுமைச் செயற்கூறு என்றால் ஒரு பொருள்வகையையே, அதாவது ‘சாரம்’ என்னும் வகையையே, இடுபொருளாகக் கொடுக்கலாம். பண்பை அவ்வாறு கொடுக்க அம்மொழியில் வழியில்லை. ‘எந்தப் பண்பாயினும் ஆகுக, அதனை உடையதா என்று பார்’ எனச் செயற்கூறு எழுத இயலாது. பண்பையே இடுபொருளாக்க வேண்டுமாயின் வாய்பாட்டிடந்தான் போக வேண்டும்.

வாய்பாட்டிலும் வாயில் முழுவதும் திறந்திருக்கவில்லை. ஒவ்வொரு வெற்றிடத்துக்கும் அதில் வந்து அமர்வது எவ்வினத்தது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். தனிப்பெயர் ஒன்று வருமாயின் ‘ஐடென்ற்’. கோவை வருமாயின் ‘எக்ஸ்பிறெஸ்’. பொருள்வகை வருமாயின் ‘ரீ-வை’. வழியோடு கூடிய பெயர் வருமாயின் ‘பாத்’. இவ்வாறு ஒரு பட்டியல் உண்டு. அப்பட்டியலிற் பண்புக்கென்று ஓர் இனம் இல்லை. ஏன் இல்லாது விட்டார்களோ!

அப்பெண் பொருளுக்கும் ரீ-வை என்றே எழுதினார். பண்புக்கும் ரீ-வை என்றே எழுதினார். இதைத்தான் எவரும் முதலில் எழுதுவர். தொகுப்பி ஆங்கிலத்திலே மறுத்தது. கணிதப்பிரிவு மாணவர் இருவர் குறிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தனர். அவரோ அந்த ஆங்கில வரியை நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு என்னிடம் வந்து கேட்டார்: “சேர், இந்த வெற்றிடம் குணியைக் கேக்குதா, குணத்தைக் கேக்குதா?”

அவ்வளவுதான் கேள்வி. அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லாமற் போயிற்று. குணம் என்பது பண்பு. குணி என்பது பண்பையுடைய பொருள். ரீ-வை என்று எழுதிய வெற்றிடம் தன்னுள் வந்த பெயரை வந்த கணத்திலேயே ‘இது பொருள்’ என்று முத்திரையிட்டு அடைத்துவிடுகிறது. அதன்பின் அப்பெயரை எடுத்துப் ‘பண்பு இதுவாகுக’ என்னும் இடத்தில் வைத்தால், பொருளுக்கு இங்கே இடமில்லை என்று தொகுப்பி தள்ளிவிடுகிறது. பெயர் ஒன்றுதான், முத்திரைதான் வேறு.

பொருள் வேண்டிய இடத்தில் ஒரு பண்பின் பெயர் எப்படி வந்து அமர்ந்தது என்று கேட்கலாம். தமிழில் அது புதிதன்று. சுவருக்கு வெள்ளை அடித்தான் என்கிறோம். வெள்ளை ஒரு நிறம். அங்கே சுண்ணாம்பைக் குறிக்கிறது. இதுவே பண்பாகுபெயர். றஸ்ட் மொழியின் தொடக்ககாலத்திலும் இவ்வாறே பண்பின் பெயரைத் தனியே எழுதி, அப்பண்பையுடைய ஏதோவொரு பொருளைக் குறிக்கும் வழக்கு இருந்தது. படிப்பவர் மயங்கினர். ஆகவே 2018 யூன் மாதத்தில் வெளியான 1.27 பதிப்பிலே ‘டின்’ என்றொரு முன்னொட்டைக் கொணர்ந்து, ஆகுபெயராய் வருமிடத்து அதனைச் சேர்த்தெழுதுக என்றனர். 2021ஆம் ஆண்டு வழக்குமுறையில் அது கட்டாயமாயிற்று. நம் இலக்கணகாரர் ஆகுபெயருக்குப் பெயரிட்டு அதனை வாழவிட்டனர். அவர்கள் அதற்கு அடையாளச் சீட்டு மாட்டினர். மனிதருக்கு எழுதுவதற்கும் இயந்திரத்துக்கு எழுதுவதற்கும் உள்ள வேற்றுமை அது.

ரீ-வை நீங்கின் எஞ்சுவது பாத். வழியோடு கூடிய பெயர் என்றேன். கல்முனை, மருதமுனை, இன்ன வீதி என்று மேல்விலாசம் எழுதுவது போல, எத்தொகுதியில் எப்பகுதியிலுள்ள எப்பெயர் என்று வழி சொல்லி அழைப்பது அது. மேல்விலாசத்தைக் கண்டு அங்கிருப்பது வீடா கடையா என்று சொல்ல இயலாது. போய்ப் பார்த்தே அறிய வேண்டும். பாத் என்று பிடித்த பெயரும் அவ்வாறே பொருளா பண்பா என்று முடிவுகட்டாமல் நிற்கும். வாய்பாடு விரிந்த பின்னரே தொகுப்பி போய்ப் பார்த்துக்கொள்ளும். ஆதலாற் பண்பு அவ்வழியே தடையின்றிப் புகும். ஐடென்ற் என்று எழுதினாலும் புகும். ஆயின் அது ஒற்றைச் சொல்லை மாத்திரம் ஏற்கும். வேறு தொகுதியிலுள்ள பண்பை வழியோடு சொல்ல வேண்டுமாயினும், பண்புக்குள் இன்னொரு வகைப்பெயர் அடங்கியிருப்பினும், ஐடென்ற் போதாது.

ரீ-வை என்ற இரண்டெழுத்தை அழித்துப் பாத் என்று எழுதியதும் நிரல் தொகுபட்டது. அன்று அவர் முகத்திற் கண்ட மகிழ்ச்சியை எழுதப் புகுந்தால் மலர்க் குழுவினர் பக்கத்தைக் குறைக்கச் சொல்வர். மேலும் அம்மகிழ்ச்சி அரைமணி நேரந்தான் இருந்தது.

சாரத்துக்கு ஒரு பண்பு மட்டுமா? எண்ணத்தக்கதும் விலையுடையதுமாக அன்றோ அது இருக்க வேண்டும். இரு பண்பு வேண்டுமிடத்து இடையிற் கூட்டற்குறி இடுவது றஸ்ட் வழக்கு. அவ்வழக்கைப் பின்பற்றி வாய்பாட்டின் வடிவிலும் பாத், அதன்பின் கூட்டற்குறி, அதன்பின் மீண்டும் பாத் என்று அவர் எழுத, தொகுப்பி திரும்பவும் மறுத்தது. இம்முறை அது சொன்னது வேறு: பாத் என்னும் வெற்றிடத்தின் பின் கூட்டற்குறி வருதல் ஆகாது. பாத்துக்கும் ரீ-வைக்கும் பின்னே இன்னின்ன குறிகளே வரலாம் என்று வரையறை உண்டு. காற்புள்ளி வரலாம், அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, சமக்குறி வரலாம், இன்னுஞ் சில வரலாம். கூட்டற்குறி அந்தப் பட்டியலில் இல்லை.

கணிதப்பிரிவு மாணவர் ஒருவருக்கு இது பெருங்கோபத்தை மூட்டியது. “கூட்டற்குறிதானே சேர், எல்லா இடத்திலயும் எழுதுறோம், இங்க மட்டும் ஏன் கூடாது?” என்றார். நியாயமான கேள்விதான். அதற்கும் விடை வந்தது மருதமுனைப் பெண்ணிடமிருந்தே: “இது தளை மாதிரி.”

வெண்பா எழுதியவர்கள் அறிவர். மாச்சீரின் பின் நிரையசையே வர வேண்டும்; விளச்சீரின் பின்னும் காய்ச்சீரின் பின்னும் நேரசையே வர வேண்டும். பொருளுக்கு எவ்வளவு பொருந்திய சொல்லாயினும், தளை தட்டுமாயின் வெண்பாவிலே அதற்கு இடமில்லை. தனித்தனியே பார்த்தாற் சீரிலும் குற்றமில்லை, சொல்லிலும் குற்றமில்லை. ஒன்றன்பின் மற்றொன்று வருவதே குற்றம். வாய்பாட்டு வெற்றிடத்தின் பின் வரத்தக்க குறிகளை வரையறுத்தோர் நோக்கமும் ஆராயத்தக்கது. மொழி வளர வளரப் புதிய தொடரமைப்புகள் சேரும். அப்போது, இன்று ஒரு வெற்றிடம் முடிகின்ற இடத்திலே நாளை அது முடியாமல் அடுத்த குறியையும் விழுங்கிவிடக்கூடும். இன்று எழுதிய வாய்பாடு நாளை வேறு பொருள் தரும். அங்ஙனம் நேராதிருக்கவே, ஐயமின்றி எல்லையாய் நிற்கத்தக்க குறிகளை மாத்திரம் அனுமதித்தனர். நம் தளை செப்பலோசையைக் காக்க எழுந்தது. அவர்கள் தளை எழுதியவர் கருத்தைக் காக்க எழுந்தது.

தளை தட்டினால் என் செய்வோம்? சொல்லை மாற்றுவோம். இங்கே குறியை மாற்றினால் அமையும். வாய்பாட்டுக்குக் கொடுக்கும்போது பண்புகளுக்கிடையே காற்புள்ளி இடுக. விரியும்போது ஒவ்வொரு பண்பையும் கூட்டற்குறியோடு வெளியிடுக. இறுதியில் ஒரு கூட்டற்குறி மிகுந்து நிற்பினும் றஸ்ட் அதனைப் பொறுத்துக்கொள்ளும். பொருள்களின் பண்புகளைச் சோதிப்பதற்கென்றே பலரும் கையாளும் ‘ஸ்ரற்றிக் அஸேர்ஷன்ஸ்’ என்னும் ஆயத்தத் தொகுதியிலும் பண்புகளைப் பாத் எனப் பிடித்துக் காற்புள்ளியாற் பிரிப்பதே முறை என்பதைப் பின்னர் மாணவர்களுக்குக் காட்டினேன். தாம் கண்ட வழியே அங்கும் இருந்ததைக் கண்டு அவர்கள் சிறிது நிமிர்ந்து உட்கார்ந்தனர்.

கூட்டற்குறியை விடவே மாட்டேன் என்பார்க்கும் ஒரு வழியுண்டு. ‘ரீ-ரீ’ என்றோர் இனம் இருக்கிறது. அது எதையும் ஆராயாது. ஒரு சொல்லாயினும் ஒரு குறியாயினும் அடைப்புக்குள் அடங்கிய ஒரு தொகுதியாயினும் வந்ததை வந்தபடியே ஏற்கும். அதற்குத் தளையும் இல்லை. பண்பு வரிசை முழுவதையும் அடைப்பினுள் இட்டு ரீ-ரீ வரிசையாகப் பிடித்துக்கொண்டால், கூட்டற்குறியும், பாத் ஏற்க மறுக்கும் வேறு சில வரம்புகளும் எல்லாம் உள்ளே வரும். அடுத்த வாய்பாட்டுக்கு அவற்றைக் கையளிக்கும்போதும் இது உதவும். பாத் என்றோ ரீ-வை என்றோ பிடித்ததை இன்னொரு வாய்பாட்டுக்குக் கொடுத்தால், அது அரக்கு முத்திரையிட்ட கடிதம் போலாகும்; பெற்ற வாய்பாடு உறையைப் பிரித்து உள்ளேயுள்ள எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க இயலாது. ஐடென்றும் ரீ-ரீயும், ஆயுட்காலம் குறிக்கும் இனமும் மட்டும் இதற்கு விலக்கு. ஆயினும் எடுத்த எடுப்பிலே ரீ-ரீயை நாடுதல் எனக்கு உடன்பாடன்று. சீர் பிரிக்காமற் செய்யுளை ஒப்புவிப்பது போன்றது அது. பிழை நேர்ந்தால் எங்கே நேர்ந்தது என்று அறிய வெகுநேரமாகும்.

ஒப்புமையை எல்லைகடந்து இழுக்கவும் கூடாது. தேமா தானே தேமாவுக்கு எடுத்துக்காட்டு என்றேன். றஸ்ட் மொழியின் வெற்றிடப் பெயருக்கு அச்சிறப்பு இல்லை. அது வெறும் பெயர், விரிந்த பின் அடையாளமின்றி மறைந்துவிடும். அன்றியும் ‘செய்து’ என்னும் வாய்பாடு ஏற்கெனவே வழங்கும் சொற்களை வகைப்படுத்துவது. மக்ரோ, இல்லாத எழுத்தை உண்டாக்குவது. அவை இரண்டும் ஒன்றே, கணினி நூல் முழுவதும் தொல்காப்பியத்துள் அடக்கம் என்று மேடையேறிப் பேசுவார் கூட்டத்தில் என்னைச் சேர்க்க வேண்டா. வெற்றிடத்தைப் பெயரிட்டு ஆளவும், அவ்வெற்றிடத்தில் எவ்வினம் வரலாம், அதன்பின் எது வரலாம் என்று கேட்கவும் பழகிய மனம் இலக்கண வகுப்பிலும் உருவாகின்றது என்பதே நான் சொல்வது. அம்மனத்தோடு வந்த பிள்ளையை ஈ என்றார்கள்.

2021 யூன் மாதத்தில் வெளியான 1.53 பதிப்பு முதலாக, றஸ்ட் மொழியிலே பெயர்களைத் தமிழெழுத்தில் எழுதவும் இடமுண்டு. எனவே அப்பெண்ணின் நிரலிலே பண்பின் பெயர் ‘எண்ணத்தக்கது’ என்றே இருக்கிறது. பொருளின் பெயர் ‘சாரம்’ என்றே இருக்கிறது. தமிழ்ப் பெயராயினும் பாத் அதனை மறுப்பதில்லை. மொழியின் அடிப்படைச் சொற்களும் பிழைச்செய்திகளும் ஆங்கிலமே. அவற்றைப் படிக்கத்தான் வேண்டும்; அதற்கும் வகுப்பிலே தனியே நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.

தவணை முடிவிலே அவர் நிரலை ஓட்டிக் காட்டினார். சோதனைக்காகப் படுக்கை விரிப்பிலிருந்து விலையுடையது என்னும் பண்பை நான் அழித்துவிட, நிரல் தொகுபடாது நின்று, குறை எப்பொருளில் என்று சுட்டியது. இடமுதவியவர்களுள் இருவர் வந்து பார்த்தனர். ஈக் கதை சொன்னவர் அன்று வரவில்லை. மற்றைய பெண் அதற்கு முன்பே ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி கிடைத்துச் சென்றுவிட்டார். அவரும் இருந்திருப்பின் காட்டியிருப்பார் என்றே நினைக்கின்றேன். அடுத்த தவணைக்குக் கலைப்பிரிவினர் நால்வர் பெயர் கொடுத்திருக்கின்றனர். நிபந்தனையைத் தவணை முடிவிலிருந்து தவணைத் தொடக்கத்துக்கு மாற்றி, நுழைவுத் தேர்வாக்க வேண்டும் என்று இப்போது ஒரு பேச்சு எழுந்திருக்கிறது. அது கணிதத் தேர்வாக மட்டும் இருக்குமாயின் நான் உடன்படப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன். சீர் பிரிக்கும் வினா ஒன்றும் அதில் வேண்டும் என்றேன், சிரித்தார்கள். இன்னும் முடிவாகவில்லை.

கலைச்சொற்களும் இன்னும் முடிவாகவில்லை. நம் வகுப்பிலிருந்து அதிக தூரமில்லாத காரைதீவிலே பிறந்து, மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பட்டத்தையும் இலண்டன் விஞ்ஞானப் பட்டத்தையும் ஒருங்கே பெற்ற விபுலாநந்த அடிகளார் இருந்திருப்பின் அவரிடம் கேட்டிருக்கலாம். றெயிற் என்பதைப் பண்பு என்பதா இயல்பு என்பதா என்று மாணவர்களுக்குள் இரு கட்சி. பாத் என்பதற்கு ‘வழிப்பெயர்’ என்று எழுதி வருகிறோம். ரீ-ரீக்கு மட்டும் இதுவரை எவர் சொன்ன சொல்லும் பொருந்தவில்லை. மருதமுனைப் பெண் ‘பிரியாச்சீர்’ என்கிறார், மற்றவர்கள் ஒப்பவில்லை.